தீட்டுக்கல்லுக்கு வந்த எறும்புகள்

தீட்டுக்கல்லிலிருந்து வழித்துப் போட்ட சேற்றுக்கு எறும்பு வந்திருந்தது. ஒன்று இரண்டு அல்ல. சன்னல் கட்டையிலிருந்து இறங்கி, சமையல் மேடையின் விளிம்பைச் சுற்றி, அலுமினியக் கிண்ணத்தின் வாய்வரை ஒரே சாரை. மூட்டை தூக்கும் வேலை போக, ஒன்பது வருடமாக அவன் வீட்டில் கத்தி தீட்டுகிறான். கல்லும் இரும்பும் தேய்ந்து வருகிற அந்தக் கறுப்புச் சேற்றை ஒரு ஈகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. தின்ன அதில் என்ன இருக்கிறது?

தோல் பட்டறை மேஸ்திரி மத்தியானம் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து வைத்திருந்தார். உள்ளே பன்னிரண்டு பேனாக்கத்திகள். தோலின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சவ்வைச் சுரண்டுகிற கத்திகள்.

"ஆறு மணிக்கு வருவேன். பன்னெண்டும் கூரா இருந்தா கத்தி தீட்டற வேலை உனக்குத்தான். ஒண்ணு மொண்ணையா இருந்தாலும் அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனவனுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை, மாதச் சம்பளம். மனைவி அப்போதே மனதுக்குள் அடுத்த மாத வாடகையைக் கொடுத்துவிட்டாள்.

பதினொன்று சுலபமாக முடிந்தன. கைப்பிடியில் அலகு மடங்கி உட்காரும் பள்ளத்தைத்தான் முதலில் சுத்தம் செய்ய வேண்டும். தீக்குச்சியை விட்டுக் கிளறினால் மஞ்சள் கொழுப்பும் சுருண்ட மயிரும் காய்ந்த செதிளும் சேர்ந்து கட்டியாக வரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்துவிடுவான். பிறகு கல்லில் தண்ணீர் தெளித்து, வலது கையில் பிடியை வைத்துக்கொண்டு, இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அலகின்மேல் அழுத்தி, முன்னும் பின்னுமாக இழுக்க வேண்டும். நல்ல இரும்பு கல்லோடு பேசும். சர்க், சர்க்.

பன்னிரண்டாவது பேசவில்லை.

எலும்புப் பிடி போட்ட சின்னக் கத்தி அது. இழுத்தால் ஈரச் சோப்பைத் தேய்ப்பதுபோல வழுக்கிக்கொண்டு போனது. கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தான். கூர் இருந்தால் நகத்தைக் கடித்து நிற்கும், இது சறுக்கியது. மறுபடி இழுத்தான், மறுபடி சறுக்கியது. சேறு மட்டும் குறைவில்லாமல் வந்துகொண்டிருந்தது, அதுவும் கறுப்பாக அல்ல, சாம்பலில் இளஞ்சிவப்பு கலந்து, குழந்தை வாயிலிருந்து துப்பிய கூழ்போலக் கெட்டியாக. கறி கழுவிய தண்ணீரை மூடிவைத்து மறுநாள் திறந்ததுபோன்ற ஒரு வாடை மூக்கில் ஏறி, மெல்ல நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. துப்பினாலும் போகவில்லை.

டீ போட வந்த மனைவி வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள்.

"என்னங்க இது, செத்த எலியும் சேர்த்துக் கட்டிக் குடுத்துட்டாரா மேஸ்திரி?"

"கத்தியில இருந்த அழுக்கும்மா. தோல் பட்டறைன்னா அப்படித்தான் இருக்கும்."

"ரெண்டு மணி நேரமா இந்த ஒண்ணையே தேய்க்கறீங்க. இன்னும் கொஞ்சம் தேய்ச்சா பிடியை மட்டும்தான் திருப்பிக் குடுக்கணும்."

"எங்க தேயுது? அப்படியே இருக்கு பாரு."

"அப்ப எதுதான் தேயுதாம்?"

சிரித்துக்கொண்டே கேட்டாள். டீ போடாமலே போய்விட்டாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வலது கையால் கல்லைத் தடவினான். பள்ளம் விழவில்லை. அலகை வெளிச்சத்தில் பிடித்தான். மத்தியானம் இருந்ததைவிடத் தடித்திருந்தது. பள்ளத்தில் மடக்கப் பார்த்தான், உள்ளே போகவில்லை.

மணி ஐந்தரை. இன்னும் அழுத்தித் தேய்த்தான். எறும்புகள் இப்போது கிண்ணத்தை விட்டுக் கல்லுக்கு வந்தன. கல்லிலிருந்து அலகுக்கு. அலகிலிருந்து அவன் விரலுக்கு. திரும்பிப் போகிற ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெளுத்த துணுக்கு. தட்டிவிட்டான். திரும்ப வந்தன. கடிக்கிறதா என்று யோசித்தான். தெரியவில்லை. வாளித் தண்ணீரில் இடது கையை விட்டான். மூன்று விரல் குளிர்ந்தது. இரண்டு குளிரவில்லை.

திருப்பிப் பார்த்தான்.

ரேகை இல்லை. ரேகை இருந்த சதையும் இல்லை. இரண்டு விரலும் நுனி சரிந்து, இழைப்புளி போட்ட கட்டைபோல வழவழவென்று இருந்தன. ரத்தம் இல்லை. வலி இல்லை. நடுவில் வட்டமாக ஒரு வெள்ளை. வெள்ளையைச் சுற்றி எறும்பு.

கழுவுதொட்டியில் குனிந்தான். தின்றதெல்லாம் வந்தது. கிண்ணத்தில் கிடப்பது என்னவென்று புரிந்தபோது இன்னொரு முறை வந்தது. அதைத்தான் இவ்வளவு நேரம் கட்டைவிரலால் வழித்திருக்கிறான். அதே விரலால்தான் துப்பும்போதெல்லாம் வாயைத் துடைத்திருக்கிறான்.

மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தான். கடிகாரம் கண்ணில் பட்டது. ஆறாகப் பத்து நிமிடம். கத்தி இன்னும் மொண்ணை.

விட்டுவிடலாம். ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். நாளைக்கு மறுபடி மூட்டை தூக்கலாம். இந்த இடுப்போடு.

பத்தே நிமிடம்.

விரல்களை வைத்தான். அழுத்தினான். கண்ணை மூடிக்கொண்டான். இழுத்தான்.

சர்க்.

பேசியது. சர்க், சர்க். நகத்தில் வைத்தான். கடித்து நின்றது.

வாசலில் மேஸ்திரியின் குரல். மனைவி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அவன் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான். மேஸ்திரி பதினொன்றையும் எண்ணிப் பையில் போட்டார். பன்னிரண்டாவதை மட்டும் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அவனையும், அவன் ஒளித்த கையையும் பார்த்தார்.

"நல்ல தீட்டுப்பா. வேலை உனக்குத்தான். நாளைக்கு எட்டு விரலுக்கு வேலை இருக்கு, வந்துடு."

"அண்ணன் விளையாட்டுக்குச் சொல்றாரு பாருங்களேன்!" மனைவி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். "எட்டென்ன அண்ணே, ரெண்டு கையையும் வச்சுக்குங்க. கண்டிப்பா வந்துடுவாரு."

அவன் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி அதை மடக்கவில்லை. அது தானாக மடங்கியது. ஆணி அடித்திருந்த இடத்தில் அல்ல. அலகின் நடுவில் ஒரு முறை. அதற்கும் கீழே ஒரு முறை. கணு கணுவாக.

நிமிர்ந்தது.

மடங்கியது.

அவனைப் பார்த்து, வா வா என்று.