காந்தம் தூங்காது!

செல்போன் அலறியது.

தாம்பரம் ஸ்கேன் சென்டரில் ரேடியாலஜிஸ்டாக இருக்கும் டாக்டர் ஸ்ம்ருதி, வாயில் இட்லியோடு அதை எடுத்தாள். புது நம்பர்!

"மேடம்... நான் தயாளன். கேளம்பாக்கம் ஸ்டெம் செல் சென்டர்ல டெக்னீஷியன். இன்னிக்கு உங்க அப்பாவுக்கு ஊசி போட வுடாதீங்க!"

"ஏன்? என்ன ஆச்சு?"

"அல்லாமே டுபாக்கூர் மேடம்! அந்த ஸ்கேன் மிஷினு கீதே... ஐயோ! சார், வேணாம் சார்...!"

ஓர் அலறல். ரயில் ஓடும் சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

ஸ்ம்ருதி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

அம்மாவின் செல்லுக்கு அடித்தாள். ஸ்விட்ச்டு ஆஃப்! கேளம்பாக்கம் சென்டருக்கு அடித்தாள். என்கேஜ்டு!

அப்பா ஸ்ரீரங்கன், ரிடையர்டு கணக்கு வாத்தியார். பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போயிற்று. இன்று பதினோரு மணிக்கு இரண்டாவது ஊசி. அம்மா பாலாம்பாள் காலையிலேயே கால் டாக்ஸியில் அழைத்துப் போய்விட்டாள்.

மறுபடி செல் அலறியது.

"இன்ஸ்பெக்டர் தையல்நாயகி பேசறேன். ஊரப்பாக்கம் ட்ராக் ஓரமா ஒருத்தர் கிடக்கிறார். மண்டையில அடி. கடைசியா உங்க நம்பருக்குத்தான் பேசியிருக்கார்."

"மேடம்... எங்கப்பாவைக் காப்பாத்துங்கோ!"

வண்டலூர் திருப்பத்தில் ஜீப்பில் ஏறிக்கொண்டாள் ஸ்ம்ருதி. கேளம்பாக்கம் ரோடு குண்டும் குழியுமாகத் தூக்கிப் போட்டது.

"என்ன ட்ரீட்மென்ட் அது?" என்றாள் தையல்நாயகி. "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"அப்பாவோட எலும்பு மஜ்ஜையிலேருந்து ஸ்டெம் செல் எடுத்து, கழுத்து ரத்தக் குழாய் வழியா மூளைக்கு அனுப்பறது. அனுப்பறதுக்கு முன்னாடி அந்தச் செல்லுக்கெல்லாம் இரும்புத் துகளை ஊட்டி விடுவா. எம்.ஆர்.ஐ.-ல இரும்பு கறுப்பாத் தெரியும். செல் எங்கே போய் உக்காந்திருக்குன்னு கரும்புள்ளி காட்டிக் குடுத்துடும்."

"முதல் ஊசிக்கு அப்புறம் தெரிஞ்சுதா?"

"பாதிக்கப்பட்ட இடத்துலயே கரும்புள்ளி! ஃபிலிமை என் கண்ணால பார்த்தேன். அதை நம்பித்தான் ரெண்டாவது ஊசிக்கு நானே கையெழுத்துப் போட்டேன்." நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடுத்த ஸ்கேனை எங்க சென்டர்லயே எடுக்கறேன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். பேஷான்னு சிரிச்சார்!"

சிரித்தாராம்! அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜீப் நிற்பதற்குள் ஸ்ம்ருதி குதித்தாள்.

வராந்தாவில் பாலாம்பாள்.

"அப்பா எங்கேம்மா?"

"இப்பத்தாண்டி ஸ்கேன் முடிஞ்சு ஊசி ரூமுக்குள்ள போனார். டாக்டர் ஜீவானந்தம் இப்பத்தான் கார்ல வந்து இறங்கினார், கையெல்லாம் அலம்பிண்டு ரெடியா இருக்கார். ஏன் இப்படி மூச்சிரைக்கறே?"

ஸ்ம்ருதியின் பார்வை அம்மாவின் கழுத்தில் நின்றது.

தாலிக் கொடியில் ஒரு கொத்து ஊக்கு!

"அம்மா! இதோடயா ஸ்கேன் ரூமுக்குள்ள போனே?"

"ஆமா. அப்பா பயந்தார், கையைப் பிடிச்சுண்டு பக்கத்துலயே நின்னேன். நர்ஸ் வளையல், வாட்ச் எல்லாத்தையும் கழட்டச் சொன்னா. தாலியை யாராவது கழட்டச் சொல்வாளோ? அதுல இருக்கற ஊக்கை எவ பார்த்தா?"

"ஊக்கு இழுக்கலையா? மிஷின் பக்கமாத் துள்ளலையா?"

"ஊக்கு ஏண்டி துள்ளப் போறது? பேசாமத் தொங்கிண்டிருந்தது. டமடமன்னு சத்தம்தான் காதைப் பொளந்தது."

ஸ்ம்ருதி பேயறைந்தது போல நின்றாள். அடுத்த நொடி, ஊசி ரூமுக்குப் போகிற வழியிலேயே இருந்த ஸ்கேன் ரூமுக்குள் பாய்ந்தாள்.

"இன்ஸ்பெக்டர், உங்க ஜீப் சாவிக் கொத்தை மிஷினுக்குள்ள போடுங்கோ!"

போட்டாள்.

சாவி 'ணங்'கென்று விழுந்து, சமர்த்தாகப் படுத்துக்கொண்டது.

"மேடம், எம்.ஆர்.ஐ. காந்தம் தூங்காது! ராத்திரியும் இழுக்கும், கரண்ட் போனாலும் இழுக்கும். எங்க சென்டர்ல இந்தச் சாவி பறந்து போய் ஒட்டிண்டிருக்கும். இது செத்த மிஷின்! வெறும் கூடு!"

தையல்நாயகி மூலையில் தொங்கிய திரையை விலக்கினாள். பின்னால் ஒரு சிடி ப்ளேயர். டமடம சத்தம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

"அப்போ அந்தக் கரும்புள்ளி?"

"அதையே அவர்கிட்ட கேட்போம்!"

ஊசி ரூம் கதவை உதைத்துத் திறந்தார்கள்.

படுக்கையில் ஸ்ரீரங்கன். கண்களில் மிரட்சி. அவர் கழுத்தில் ஊசி முனையை வைத்தபடி டாக்டர் ஜீவானந்தம்!

"யாரும் கிட்ட வராதீங்க!"

"ஐயோ, என்ன பண்றேள் டாக்டர்?" பாலாம்பாள் கதறிக்கொண்டு கட்டிலின் மறுபக்கம் ஓடிப்போய்க் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பா மூளையில கரும்புள்ளி எப்படி வந்தது?" ஸ்ம்ருதி கத்தினாள்.

ஜீவானந்தம் சிரித்தார். அதே சிரிப்பு!

"உங்க சென்டர்ல எடுத்த பழைய ஸ்கேன் சிடியை நீங்கதானே குடுத்தீங்க? அதுல கம்ப்யூட்டர்ல ஒரு புள்ளி வெச்சேன். அவ்வளவுதான்! போன தடவை ஊசியில வெறும் உப்புத் தண்ணி. இன்னிக்கு அது இல்ல. அடுத்த ஸ்கேன் உங்க மிஷின்ல எடுத்தா புள்ளி இருக்காதே! செத்தவருக்கு யாரும் ஸ்கேன் எடுக்க மாட்டாங்க."

அடுத்த ஸ்கேனைத் தன் சென்டரில் எடுப்பதாகச் சொன்னது ஸ்ம்ருதிக்கு ஞாபகம் வந்தது. அப்பாவின் சாவுக்கு நாள் குறித்ததே தன் வாய்தானா?

"தயாளனும் அதனாலதானா?" என்றாள் தையல்நாயகி.

"ஆமா. ட்ராக்ல தள்ளினேன். செத்தவன் சாட்சி சொல்ல வரமாட்டான். வழியை விடுங்க!"

"தயாளன் செத்தார்னு யார் சொன்னது டாக்டர்? மண்டையில அடியோட ட்ராக் ஓரமாத்தான் கிடந்தார். ஆஸ்பத்திரியில கண் முழிச்சாச்சு. உங்க பேரைத்தான் முதல்ல சொன்னாராம்!"

ஜீவானந்தத்தின் சிரிப்பு செத்தது. ஒரே ஒரு கணம் தடுமாறினார்.

"ஆ...!"

வீறிட்டது ஸ்ரீரங்கன் அல்ல, ஜீவானந்தம்!

சிரிஞ்ச் தரையில் உருண்டது. அவர் புறங்கையில், வளையம் வரைக்கும் இறங்கிய ஓர் ஊக்கு!

"என் ஆத்துக்காரர் கழுத்துலயாடா ஊசி வெக்கறே, கட்டேல போறவனே!" பாலாம்பாள் பத்ரகாளியாக நின்றாள்.

விலங்கு மாட்டப்பட்டது. ஸ்ம்ருதி அப்பாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவருடைய இடது கை மெல்ல எழுந்து அவள் தலையைத் தடவியது. வலது கை அசையவில்லை. இனி அசையுமா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அப்பா இருந்தார்.

தையல்நாயகி ஊக்கைக் கர்ச்சீப்பால் எடுத்துக் கவரில் போட்டாள்.

"சாட்சிப் பொருள் மாமி."

"திருப்பித் தருவேளோன்னோ? நல்ல கெட்டி இரும்பு ஊக்கு!"

"கேஸ் முடிய பத்து வருஷம் ஆகுமே!"

தையல்நாயகி காக்கிச் சட்டைக் காலருக்குள் கைவிட்டாள். தன் தாலிக் கொடியிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி நீட்டினாள்.

"அதுவரைக்கும் இதை வெச்சுக்குங்க மாமி. டிபார்ட்மென்ட் குடுத்த துப்பாக்கியை விட இதைத்தான் நானும் நம்பறேன்!"