குளிராத வீட்டின் மர்மம்

உள்ளே வந்த பஸ் டிரைவர் உட்காரவில்லை. அந்தச் சின்ன அலுவலகத்தில் இருந்த இரண்டு பேரில் யார் துப்பறிகிறவர், யார் உதவியாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. அதில் அவர் தவறு ஒன்றும் இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, புருவத்தை உயர்த்தி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தவர் உதவியாள். ஜன்னலோரம் சாய்ந்து தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தவர்தான் துப்பறிகிறவர். தெரிந்தவர்கள் அவரை ‘நிதானம்’ என்று கூப்பிடுவார்கள். அவருடைய மனைவியின் தம்பிதான் உதவியாள். தன் அக்காவைக் கட்டியவர்தானே என்ற உரிமையில் துப்பறிகிற தொழிலிலும் பங்கு கேட்டு வந்து சேர்ந்தவர்.

“நாளைக்கும் இல்லைன்னுட்டா அவ்வளவுதான் சார்,” என்றார் டிரைவர். “மூணு தடவைக்கு மேல மனுவே வாங்க மாட்டாங்களாம்.”

விஷயம் இதுதான். குளிர் தாங்காத வீடுகளைச் சரிசெய்ய அரசாங்கம் ஒரு மின்சிக்கன மானியம் கொடுக்கிறது. சுவருக்குக் குளிரைத் தடுக்கும் பலகை, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. சொந்தச் சம்பளத்தில் செய்ய டிரைவரால் ஆகாது. அவர் மனைவிக்கோ மூச்சிழுப்பு. இன்னொரு குளிர்காலத்தை இதே ஈரத்தில் கழித்தால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பரிசோதகர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். இரண்டு முறையும் ‘தேவை இல்லை’ என்று எழுதிவிட்டுப் போனார். நாளைக்கு மூன்றாவது முறை, கடைசி முறை.

“ராத்திரி படுத்தா மூச்சு புகையா வருது சார். படுக்கையறைப் பின்சுவர் எப்பவும் ஈரம். அந்த வீட்டுக்குத் தேவை இல்லையாம்! பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்கு முதல் தடவையே கிடைச்சுது. ஒரே மேஸ்திரி கட்டின வீடு, ஒரே சுவர், ஒரே இரும்பு ஜன்னல்.”

“லஞ்சம்!” என்று மைத்துனர் மேசையைத் தட்டினார். “தெளிவா தெரியுது மாமா.”

“உனக்கு எல்லாமே தெளிவாத்தான் தெரியும் மாப்ள,” என்றார் நிதானம். பிறகு டிரைவரின் கழுத்தைப் பார்த்தார். சாம்பல் நிற மப்ளரின் நீளவாக்கில், அடிஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஒரு பழுப்புக் கோடு. “அது என்னங்க கறை?”

“அதுவா? எவ்வளவு துவைச்சும் போகல சார். பொண்ணு ஸ்வெட்டர்லயும் இதே மாதிரி இருக்கு. வாஷிங் மெஷின் துருப்பிடிச்சிருச்சுபோல.”

“பரிசோதகர் வந்தப்ப நீங்க வீட்ல இருந்தீங்களா?”

“எனக்கு எப்பவும் காலை டியூட்டி சார். என் சம்சாரம்தான் இருந்தா.”

நிதானம் தேநீரை முடித்துவிட்டு எழுந்தார். அது அவரிடம் அபூர்வமான வேகம்.

பரிசோதகரின் அலுவலகத்துக்குள் மைத்துனர் சிங்கம்போல் நுழைந்தார். மேசைக்குப் பின்னால் இருந்தவரோ லஞ்சம் வாங்குகிற முகமே இல்லாத, தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட, தூக்கம் போதாத மனிதர். கேள்வியைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“பார்த்ததைத்தான் எழுதினேன். வெளியில பல்லு கிட்டிக்கிற குளிர். அந்த வீட்டுக்குள்ள காலை வச்சேன், என் கண்ணாடி மொத்தமா ஆவி படிஞ்சு மங்கிப்போச்சு. துடைச்சிட்டுத்தான் மத்த வேலையே பார்த்தேன். அவ்வளவு கதகதப்பு. ஜன்னல் திரைகிட்ட கையை வச்சேன், காத்தே இல்ல. குளிரே இல்லாத வீட்டுக்கு எப்படிங்க மானியம் எழுதறது?”

“படுக்கையறைப் பின்சுவர்ல ஈரம் இருந்துச்சா?”

“அங்க பீரோ இருந்துச்சு. வீட்டுச் சாமானை நகர்த்தச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், அவ்வளவு சுத்தமான வீட்டை இந்த வேலையில நான் பார்த்ததே இல்ல.”

வெளியே வந்ததும் மைத்துனர் குசுகுசுத்தார். “புளுகறான் மாமா.”

“அவர் உண்மையைச் சொல்றார் மாப்ள. டிரைவரும் உண்மையைத்தான் சொல்றார். அதுதான் சிக்கலே.”

டிரைவரையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனபோது மாலை. தெருவில் பனி இறங்கியிருந்தது. கதவைத் திறந்த டிரைவரின் மனைவி இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு சால்வையும் போர்த்தியிருந்தார். நிதானம் வாசலைத் தாண்டி உள்ளே வந்து நின்றார். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. மறுபடி மாட்டிக்கொண்டார். மைத்துனர் இதைக் கவனிக்கவில்லை. அவர் சோபாவுக்கு அடியில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

நிதானம் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி ஜன்னலருகே நீட்டினார். சுடர் சாய்ந்தது, படுத்தது, அணைந்தது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. விரலை விட்டு எடுத்தார். நுனியில் துரு.

படுக்கையறையில் பின்சுவர் வெறுமையாக இருந்தது. புதிதாக அடித்த வெள்ளைப் பெயின்ட். அதையும் மீறிக் கறுப்புப் புள்ளிகள் எட்டிப் பார்த்தன. பீரோ எதிர்ப்பக்கம் நின்றது. தரையில் அதன் கால்கள் இழுபட்ட கீறல்கள், போனதும் வந்ததுமாக.

“பீரோ எப்பவும் இந்தப் பக்கம்தானாம்மா?”

“ஆமாங்க. பின்சுவர்ல வச்சா துணியெல்லாம் பூஞ்சை பிடிக்குது,” என்றார் அந்த அம்மா. சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு திரும்பும்வரை யாரையும் பார்க்காமல் சிரிக்க முயன்றார். அந்தச் சிரிப்பைப் பார்க்க நிதானத்துக்குப் பொறுக்கவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவும் வந்துவிட்டார். மைத்துனர் சட்டென்று நிமிர்ந்தார்.

“உங்களுக்கு மட்டும் எப்படிங்க மானியம் கிடைச்சுது?”

“ஏன், என்மேல சந்தேகமா?” தையல்காரம்மா இடுப்பில் கை வைத்தார். “இவளுக்கு நான் என்ன குறை வச்சேன்? கேட்டப்பல்லாம் என் ஹீட்டரைத் தூக்கிக் கொடுத்தேன். ஆபீசர் என் வீட்டுக்கு வந்த அன்னைக்கு நான் அவசரமா ஒரு கல்யாண ஆர்டர் தைச்சிட்டிருந்தேன். திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்ல. வீடு போட்டது போட்டபடி கெடந்துச்சு. அவரே சுத்திப் பார்த்து எழுதிட்டுப் போனார்.”

“போதும்,” என்றார் நிதானம். “எல்லாரும் உட்காருங்க.”

டிரைவர், மனைவி, தையல்காரம்மா, மைத்துனர் நால்வரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். மைத்துனர் கதவருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டார், குற்றவாளி ஓடினால் பிடிக்க வசதியாக.

“ராத்திரியெல்லாம் குளிர்ற வீடு,” என்று நிதானம் தொடங்கினார், “பரிசோதகர் வந்த ரெண்டு நாளும் குளிரல. அவர் கண்ணாடி மங்குச்சு. இன்னைக்கு என் கண்ணாடி மங்கல. அப்ப அந்த ரெண்டு நாளும் யாரோ வீட்டைச் சூடாக்கியிருக்காங்க. தையல்காரம்மா ஹீட்டர் எதுக்குப் போச்சுன்னு யோசிங்க. அடுத்தது காத்து. விரல் போற சந்துல காத்து வரலன்னா, அதை எதையோ வச்சு அடைச்சிருக்கணும். டிரைவர் சார், உங்க மப்ளரைக் கொஞ்சம் கொடுங்க.”

மப்ளரை வாங்கி நீளமாகச் சுருட்டி ஜன்னல் சந்தில் செருகினார். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. எடுத்துக் காட்டினார். பழைய பழுப்புக் கோட்டின் மேலேயே புதிய துரு.

“வாஷிங் மெஷின் பாவம், சும்மா பழி ஏத்துக்கிச்சு. ராத்திரிக்குப் போட்டுக்க வேணுமேன்னு, ஆபீசர் போனதும் கம்பளியெல்லாம் வெளிய வந்துருச்சு. துணி கெட்டுப்போகும்னு பீரோவும் திரும்பி இந்தப் பக்கம் வந்துருச்சு.”

மைத்துனர் மெல்ல எழுந்தார். “அப்ப யாரு மாமா?”

டிரைவரின் மனைவி சால்வை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“வெளியாள் வர்றாங்கன்னா வீட்டை எப்படிங்க அப்படியே காட்டறது?” என்றார். “நல்லா வச்சிருக்கிறவங்களுக்குத்தான் கொடுப்பாங்கன்னு நினைச்சேன். முதல் தடவை இல்லைன்னதும், நாம இன்னும் சரியா செய்யலபோலன்னு தோணுச்சு. ரெண்டாவது தடவை பெயின்ட்டும் அடிச்சேன். பீரோவை ஒத்தையா தள்ளினேன். அன்னைக்கு ராத்திரிதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.”

டிரைவர் துள்ளி எழுந்தார். “அடிப்பாவி! உனக்காகத்தானே நான் நாயா அலையறேன்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“கோபப்படறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க,” என்றார் நிதானம். “ஆபீசர் வந்த அன்னைக்குக் காலைல டியூட்டிக்குக் கிளம்பறப்ப இவங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனீங்க?”

டிரைவரின் முகம் மெதுவாக மாறியது.

“ஆபீசர் வர்றாரு…” என்றார். “வீட்டை நல்லா வச்சிரு, என் மானத்தை வாங்கிடாதேன்னு சொன்னேன்.”

தையல்காரம்மா எழுந்துபோய் அந்த அம்மாவின் தோளில் கை வைத்தார். டிரைவர் தரையைப் பார்த்தபடி நின்றார். தப்பு தன் வீட்டு வாசலிலிருந்தே கிளம்பியிருந்தது அவருக்கு வலித்தது.

“இது வித்தியாசமான பரீட்சைம்மா,” என்றார் நிதானம். “இதுல ஃபெயிலானாத்தான் பரிசு. நாளைக்கு ஹீட்டர் வேண்டாம், மப்ளர் வேண்டாம். பீரோ இந்தப் பக்கமே இருக்கட்டும். ஒண்ணும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வீடு தன் கதையைத் தானே சொல்லும்.”

“அந்தக் கறுப்புச் சுவரை வெளியாள் பார்க்கணுமா?”

“பார்க்கணும்மா. பார்த்தாத்தான் எழுதுவார்.”

அந்த அம்மா பின்சுவர் இருக்கும் திசையைப் பார்த்தார். பெயின்ட் டப்பா இன்னும் கட்டிலுக்கடியில் இருந்தது. எழுந்து அதை எடுத்து வந்து தையல்காரம்மாவிடம் கொடுத்தார். “உங்க வீட்ல வைங்கக்கா. இங்க இருந்தா ராத்திரி எனக்குக் கை அரிக்கும்.”

மறுநாள் காலை டிரைவர் லீவு போட்டிருந்தார். நிதானமும் மைத்துனரும் முன்னறையில் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்கள். கழற்றுகிற குளிர் இல்லை அது. தரை கூட்டப்படாமல் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மாவின் கை துடைப்பத்தின் பக்கம் போய்ப் போய்த் திரும்பியது.

வாசல் மணி அடித்தது. பரிசோதகர் உள்ளே வந்தார். மைத்துனர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவருடைய மூக்குக்கண்ணாடியையே பார்த்தார். பளிங்குபோல் இருந்தது.

டிரைவர் எதையோ விளக்க முன்னால் வந்தார். மனைவி கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீங்க இருங்க, நான் காட்டறேன். இந்தப் பக்கம் வாங்க சார். இந்தச் சந்துல கையை வைங்க. காத்து தெரியுதா? உள்ளே வாங்க. இதுதான் நாங்க படுக்கிற அறை. இந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்க. மேல அடிச்சிருக்கிற பெயின்ட் நான் மறைச்சது. அடியில இருக்கிறதையும் பாருங்க.” இருமல் வந்தது. இந்த முறை அவர் சிரித்து மழுப்பவில்லை. நின்று இருமி முடித்துவிட்டு, “இதையும் எழுதிக்குங்க,” என்றார்.

பரிசோதகர் சுவரைத் தொட்டார். கையை எடுத்து, ஈரமான விரல்களைப் பார்த்தபடி நின்றார்.

“இதை முதல் தடவையே காட்டியிருக்கலாமேம்மா?”

“அப்ப நீங்க விருந்தாளி சார்.”

பரிசோதகர் அளவுநாடாவை எடுத்தார். ஒவ்வொரு ஜன்னலாகப் போய் அளவெடுத்தார். முன்னறைக்கு வந்து நின்றபடியே எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்: “தேவை உண்டு. உடனடியாக.”

டிரைவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு மப்ளரால் முகத்தைத் துடைத்தார். துருக்கோடு கன்னத்தில் பதிந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

“இனிமே நீங்க விருந்தாளிதான்,” என்ற அந்த அம்மா சமையலறைக்குப் போய் ஒரு தம்ளர் தேநீரோடு திரும்பினார். “குடிச்சிட்டுத்தான் போகணும்.”

பரிசோதகர் தம்ளரை வாங்கி வாயருகே கொண்டுபோனார். தேநீரின் ஆவி மேலே எழும்பியது. அவருடைய மூக்குக்கண்ணாடி முழுவதுமாக மங்கியது. மைத்துனர் பதறிப்போய் எழுந்தார்.

“உட்காரு மாப்ள,” என்றார் நிதானம். “அவர் எழுதி முடிச்சாச்சு.”