இடது கை வில்

போன் அடித்தது.

வில் கடைக்காரி எடுக்கவில்லை.

கணவன் பின்கழுத்தில் அம்போடு செத்துக் கிடந்த நாளிலிருந்து அவள் எதையும் எடுக்கவில்லை... போனை, சீப்பை, சோற்றை. அழவும் இல்லை. ஊசி போட்டு மரத்துப்போன ஈறு மாதிரி உடம்பு முழுக்க இருந்தது.

மறுபடி அடித்தது. எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். கடை வாசல்லதான் நிக்கிறேன். ஷட்டரைத் தூக்குங்க."

தூக்கினாள். மதிய வெயிலோடு உள்ளே வந்த பெண் இன்ஸ்பெக்டர், சுவரில் தொங்கிய காம்பவுண்ட் வில்களைப் பார்த்தாள். இரு முனையிலும் சக்கரம் வைத்த வில்கள்.

"எனக்கு ஒரு வில் எடுத்துக் குடுங்க."

"உங்களுக்கா..?"

"வாங்க வரல. கடைக்கு வர்றவங்களுக்கு எப்படிப் பொருத்தம் பாப்பீங்களோ, அப்படிப் பாருங்க. உங்க வீட்டுக்காரரைக் கொன்னது இந்தக் கடையோட இடது கை வில்லு. இங்க பழக வர்றவங்கள்ல இடது கைக்காரங்க அந்த நர்ஸ் மட்டும்தான். உள்ள வச்சிருக்கோம். ஆனா மனசு ஒப்பல."

கடைக்காரி டேப்பை எடுத்தாள். மனசு எங்கேயோ கிடக்க, விரல்கள் தாமாகவே வேலை பார்த்தன.

"ரெண்டு கையையும் விரிங்க. அறுபத்தஞ்சு அங்குலம். ரெண்டரையால வகுத்தா இருபத்தாறு. உங்க நாணை அவ்வளவு தூரம்தான் இழுக்கணும். இந்த வில்லுல அதுக்கு மேல இழுக்க முடியாது, சக்கரம் நின்னுடும். நீளம் கூடினா கையை அறுக்கும், குறி தப்பும்."

"கொன்ன வில்லுல நாணை இழுக்கற நீளம் இருபத்தொன்பதரை."

"நர்ஸ் உங்களை விடக் குள்ளம்."

"அதான் உறுத்துது. எங்க மேலதிகாரி கேக்க மாட்டேங்கறார். இடது கை... முடிஞ்சு போச்சுங்கறார்."

"கை முடிவு பண்ணாது மேடம். கண்ணுதான். வலது கையால எழுதறவங்களுக்கும் குறி பாக்கறதுல இடது கண்ணு ஓங்கியிருக்கலாம். அவங்களுக்கு இடது கை வில்லுதான் சரியா வரும்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தாள்.

"அதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கைகளை முன்னால நீட்டி, விரலால சின்னதா ஒரு ஓட்டை பண்ணுங்க. ரெண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும். ஓட்டை வழியா என் மூக்கைப் பாத்துக்கிட்டே கையை முகத்துக்குக் கொண்டு வாங்க."

ஓட்டைக்குள் இன்ஸ்பெக்டரின் வலது கண் தெரிந்தது.

"உங்களுக்கு வலது."

மாடிப்படியில் காலடி கேட்டது. அண்ணன். சாவு விழுந்த நாளிலிருந்து தங்கையோடு தங்கி, அவளைக் கெஞ்சிக் கெஞ்சிச் சாப்பிட வைப்பவன். ஆள் நல்ல உயரம். கையில் டீ.

"சார், நீங்களும் ஒரு தடவை பண்ணிப் பாருங்களேன்," என்றாள் இன்ஸ்பெக்டர், சும்மா பொழுது போகாதவள் போல. "தங்கச்சி மூக்கைப் பாருங்க."

அவன் டம்ளர்களை வைத்துவிட்டு, என்ன ஏது என்று தெரியாமல் கையை நீட்டினான். ஓட்டை மெல்ல மெல்ல முகத்துக்கு நகர்ந்தது. இன்ஸ்பெக்டர் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

கடைக்காரிக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஓட்டைக்குள்ளிருந்து அவளைப் பார்த்தது, அண்ணனின் இடது கண்.

"எந்தக் கண்ணு?" என்றது பின்னாலிருந்து குரல்.

வலது என்று சொன்னால் போதும். டீ ஆறுவதற்குள் இன்ஸ்பெக்டர் கிளம்பிவிடுவாள்.

"இடது," என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் கைகள் தாமாக இறங்கின.

"ரெண்டு கையையும் விரிண்ணா."

"பாப்பா..."

"விரி."

விரித்தான். ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனிவரை டேப்பை ஓட்டினாள். எழுபத்து நாலு. வகுத்தால் இருபத்தொன்பதரைதான் என்று தெரிந்த மாதிரி இன்ஸ்பெக்டர் வாசலை மறித்து நின்றாள்.

"வலது கை வில்லெல்லாம் குறி விலகிக்கிட்டே போச்சு. நீயும் அவனும் இல்லாதப்ப எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன்," என்றான் அண்ணன், தரையைப் பார்த்தபடி. "அது மட்டும்தான் நேரா போச்சு. ஏன்னு எனக்கே தெரியாது. நர்ஸம்மா மாட்டுவாங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

"அப்புறமும் வாயைத் திறக்கலையே நீ."

"ஒவ்வொரு தடவையும் கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொல்லுவே. எத்தனை கதவுடி இருக்கு உன் வீட்ல? ஒரு நாளைக்கு அவன் உன்னைக் கொன்னிருப்பான்."

அது பொய்யில்லை. அது அவளுக்கும் தெரியும்.

"நேத்து அந்த நர்ஸோட அம்மா வந்தாங்க," என்றாள். "திட்டல. இந்த ஸ்டூல்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. நீ மாடியிலேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருந்தே."



இன்ஸ்பெக்டர் கூப்பிட்டதும் தெருவில் நின்ற கான்ஸ்டபிள் உள்ளே வந்தார். விலங்கு மாட்டினார். கடைக்காரி அண்ணனின் சட்டைக் காலரை ஒருமுறை சரிசெய்துவிட்டாள். இப்போதும் அழுகை வரவில்லை.

"ரொம்ப இறுக்குது சார்," என்றான் அண்ணன்.

கான்ஸ்டபிள் சுவரில் தொங்கிய வில்களை ஒரு பார்வை பார்த்தார்.

"இங்க மாதிரி ஆளுக்கேத்த அளவு நம்மகிட்ட கிடையாது தம்பி. எல்லாருக்கும் ஒரே சைஸ்தான்."