பூச்செண்டு மார்க்

இலங்கை வானொலி விளம்பரத்தில் இன்று இரண்டு குழந்தைகளின் குரல் கேட்டது. வெள்ளத்துரை பதிவு செய்து அனுப்பியது ஒரு குரல்தான்.

பூச்செண்டு மார்க் இருமல் மருந்து அவன் சொந்தத் தயாரிப்பு. "மாமா, இன்னொரு ஸ்பூன்" என்று மைக் முன்னால் கொஞ்சியவள் அக்காள் முத்துத்தாயின் மகள் அன்னக்கிளி. கடல் தாண்டிப் போன அந்தக் குரல் திரும்பி வந்து கடையநல்லூர் வரை மருந்தை விற்றுக் கொடுத்தது. கடைக்காரர்கள் கேட்ட அளவுக்குச் சரக்குப் போட முடியாமல், மலிவாக வந்த ஏதோ ஒரு டிரம் பாகை வாங்கிக் கலந்தான். அந்தச் சரக்கை முதலில் குடித்தவளும் அன்னக்கிளிதான். இரண்டே நாளில் போய்விட்டாள். காய்ச்சல் என்றார்கள். "உன் மருந்தக் குடுத்தும் பிள்ள பிழைக்கலையே தம்பி" என்று அக்காள் அவன் தோளில் சாய்ந்து அழுதபோதும் அவன் வாய் திறக்கவில்லை. கடைகளிலிருந்து பாட்டில்களைத் திரும்ப எடுக்கவும் இல்லை. பாவி.

வீட்டு டிரான்சிஸ்டரின் பேட்டரியை அன்றே கழற்றிவிட்டான். ஊர் ரேடியோக்களை என்ன செய்ய முடியும்? சாயங்காலம் மருந்துப் பட்டறையிலிருந்து திரும்பும்போது, தறிச் சத்தத்துக்கும் கஞ்சிப்பசை வாடைக்கும் நடுவே, ஒரு வீட்டில் விட்ட பாட்டை அடுத்த வீடு எடுத்துக்கொடுக்க, அந்தத் தெரு முழுக்க இலங்கை வானொலி கூடவே நடந்து வரும். இன்று பாட்டு முடியுமுன்பே மறுபடியும் விளம்பரம் வந்தது. மூன்று குரல்கள். அடுத்த வாசலில் ஐந்தாறு. எந்தெந்த ஊர்ப் பிள்ளைகளோ.

கரண்ட் போனது. தறிகள் நின்றன. ரேடியோ விளக்குகளும் அணைந்தன.

குரல்கள் நிற்கவில்லை. ஒவ்வொரு இருட்டு வாசலிலிருந்தும். மாமா. மாமா.

மூன்று வயது மகன் காசி காலையில் இருமிக்கொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெண்டாட்டியிடம்கூட அவன் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. ஓடினான்.

வீட்டில் இருமல் சத்தம் இல்லை.

சிம்னி விளக்கோடு வந்தாள் ஆறுமுகத்தாய். "மெதுவா வாங்க. நேத்துலருந்து நம்ம மருந்ததான் குடுக்கேன். இப்பந்தான் இருமல் நின்னு அசந்து தூங்குதான்."

காசியின் உதட்டோரம் பாகு மினுங்கியது. நெஞ்சு அசையவில்லை.

அலமாரியில், பேட்டரி இல்லாத டிரான்சிஸ்டர் கரகரத்தது.

"அப்பா, இன்னொரு ஸ்பூன்."