ஊசியைத் தூக்கினாலும் நிற்காத பாட்டு

பர்மிங்காமில் கால்வாயை ஒட்டிய அந்தப் பழைய செங்கல் வீட்டுக்கு, பழைய இசைத்தட்டு சேகரிக்கும் ஸ்டான்லி ஹார்பின் எரிச்சலோடுதான் வந்து சேர்ந்தார். நவம்பர் மூடுபனி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே தெருவிளக்கு எரிந்தது. கூட வந்த சிரில் மாட்ராம், பழைய நடன இசைத்தட்டுச் சங்கத்தின் தலைவர். எந்தத் தட்டில் எவன் பாடினான், தேறுவானா மாட்டானா என்று சங்கப் புத்தகத்தில் அவர் எழுதுவதுதான் தீர்ப்பு. அவரைப் போலப் பட்டம் வாங்கிய ஆளை ஸ்டான்லி என்றைக்கும் நம்பியதில்லை.

கதவைத் திறந்தவள் எட்னா, செத்துப்போன பாடகன் வில்ஃப் கிராதரின் பெண்டாட்டி. நேராகக் கூடத்துக்குக் கூட்டிப்போய் ஒரு தட்டை நீட்டினாள். அந்தக் காலத்துக் கம்பெனிக்காரன் புத்தியே புத்தி. வாத்தியக் கோஷ்டித் தலைவன் பேரைப் பெரிதாகப் போடுவான். தொண்டை கிழியப் பாடினவனுக்கு ‘பாட்டுடன்’ என்று ஒரே ஒரு சொல்.

“எத்தனையோ தட்டு பாடினாரு. ஒண்ணுலயும் பேரு இல்ல. சாகும்போதும் அதையே சொல்லிட்டுக் கெடந்தாரு. உங்க புத்தகத்துலயாவது போடுங்க சார்.”

“கேட்டுட்டுச் சொல்றேன்” என்றார் சிரில்.

கிராமபோன் பெட்டியில் தட்டு சுழன்றது. ட்ரம்பெட் முழங்கியபோது சிரில் கண்ணை மூடித் தலையாட்டினார். பாட்டு தொடங்கும் இடம் வந்தது. ஜாஸ் பைத்தியங்களின் வழக்கப்படி, பாட்டைத் தாண்டி அடுத்த வாத்தியத்தில் வைக்க ஊசியைத் தூக்கினார்.

“யோவ், பாடினவனைக் கேக்கத்தானய்யா வந்தோம்?”

“இதையா? சளி புடிச்ச ஆடு மாதிரி இருக்கும். இவனுங்க எல்லாம் ஒரே ரகம் ஸ்டான்லி. எவன் பாடினா என்ன?”

எட்னா கையைப் பிசைந்தாள்.

ஊசி சிரிலின் விரலில் அந்தரத்தில் நின்றது.

பாட்டு நிற்கவில்லை.

இளைஞனின் மெல்லிய குரல். ஸ்டான்லி பாய்ந்து தட்டைக் கையால் அமுக்கி நிறுத்தினார். குரல் பெட்டியை விட்டு இறங்கியது. நனைந்த கம்பளிக் கோட்டு வாடையும் இருமல் மிட்டாய் வாடையும் கூடம் முழுக்கப் பரவின. குரல் மெல்ல நகர்ந்து சிரிலின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றது.

“கோவமா இருக்காரு” என்று எட்னா கிசுகிசுத்தாள். “அவர் பேரச் சொல்லிருங்க சார்.”

“சொல்லித் தொலையேன்யா” என்றார் ஸ்டான்லி.

சிரில் வாயைத் திறந்தார்.

பாட்டு அவர் வாயிலிருந்து வந்தது.

சுருதி பிசகாத பாட்டு. கண்ணில் தண்ணீர் கொட்டியது, முகம் நீலம் பாய்ந்தது. அடிக்கு அடி மூச்சுவிட இடம் கொடுக்காமல் அது அவரைப் பாடவைத்தது.

“வில்ஃப் கிராதர்!” ஸ்டான்லி கத்தினார். “நான் எழுதுறேன்டா உன் பேரை. அந்தாளை விடு.”

சிரில் சரிந்து விழுந்தார். உயிர் இருந்தது. பேச வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஸ்டான்லி வீட்டுக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தன்னிடமிருந்த அதே பாட்டின் தட்டை எடுத்து, நடுக் காகிதத்தில் பேனாவை அழுத்தி வில்ஃப் கிராதர் என்று எழுதினார்.

“போட்டாச்சு. போய்த் தொலை.”

மூன்று சுவரிலும் தட்டுகள், கூரை வரைக்கும். பாடினவன் பேர் ஒன்றிலும் இல்லை.

அலமாரியின் மேல்தட்டில் யாரோ பாடுவதற்கு மூச்சை இழுத்தார்கள்.

பிறகு பக்கத்தில் ஒருவர்.

பிறகு எல்லோரும்.