ஏழாவது நிறம்

மேஜையில் ஒரு ரிப்பன் குறைந்தது.

சனிக்கிழமை காலை காபி போட வந்த உன்னுர் முதலில் கவனித்தது அதைத்தான். முந்தின நாள் மாலை நூற்றுப் பன்னிரண்டு சொந்தங்களும் வந்து இறங்கி, பெயர் அட்டையை வாங்கி, அவரவர் கிளையின் நிற ரிப்பனைச் சட்டையில் குத்திக்கொண்டு கூடாரம் அடிக்கப் போனபின் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. சாம்பல் நிறம். அட்டையில் பெயர் கிடையாது. அதை எடுக்க ஆளும் கிடையாது. அது உன்னுருக்கே தெரியும், வைத்தவளே அவள்தான். இப்போது அது இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். விரலால் தொட்டு முகர்ந்தாள். நனைந்த கம்பளியும் திரிந்த பாலும் சேர்ந்த வாடை அடித்தது.

ஐஸ்லாந்தில் கோடை வந்துவிட்டால் ஊரெல்லாம் குடும்பக் கூடல்தான். ஒரு கொள்ளுத்தாத்தா, ஒரு கொள்ளுப்பாட்டி, அவர்கள் பெற்ற பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் வம்சத்துக்கும் ஒரு நிறம். நிறம் இல்லாவிட்டால் யார் எந்தக் கிளை என்று யாருக்கும் தெரியாது. உன்னுரின் கொள்ளுப்பாட்டி ரன்வெய்க் பெற்றது ஆறு. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, வெள்ளை, ஆரஞ்சு. மூன்று தலைமுறையாக எல்லோரும் அப்படித்தான் எண்ணிவந்தார்கள். உன்னுர்தான் குளிர்காலம் முழுக்க தேவாலயப் பதிவேட்டின் நகலை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு வரியைக் கண்டுபிடித்தாள். பெண் குழந்தை, உயிரோடு பிறந்தது, பெயர் வைக்கவில்லை. புதைத்ததாக எங்கும் குறிப்பு இல்லை. வம்ச வரிசையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த ஊர்க்காரர்களுக்குச் சோறு இறங்காது. உன்னுர் ஏழாவது கட்டம் வரைந்தாள், சாம்பல் நிறம் கொடுத்தாள், மற்ற ஆறு கிளைக்கும் போல அதற்கும் அழைப்பு அச்சடித்தாள். தான் பெரிய நியாயம் செய்துவிட்டதாக அவளுக்கு உள்ளூரப் பெருமை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஹில்டூர் அத்தை ஒருத்திதான் அப்போதே முகம் சுளித்தாள். "ஏண்டி, ஆறு பேரை ஆறு பேரா விட்டா உனக்கு என்ன குறைஞ்சு போகுது?"

"அதுவும் நம்ம வீட்டுப் பிள்ளைதானே அத்தை."

"வீட்டுக்குள்ள வச்சிருந்தா வீட்டுப் பிள்ளை. அந்த வருஷம் ஆறு வாய்க்கே மாவு இல்லை. எங்க கொண்டுபோய் விட்டாங்கன்னு யாரும் கேட்கலை, யாரும் சொல்லலை. நீயும் கேட்காத."

இப்போது உன்னுர் அந்த ஈரத்தைத் துணியால் துடைத்தாள். யாராவது சின்னப்பிள்ளை விளையாட்டாக எடுத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துடைத்த இடம் மறுபடி மெல்ல ஈரமானது. அவள் அதன்மேல் ரொட்டித் தட்டை நகர்த்தி வைத்தாள்.

மதியம் எல்லோரும் ரன்வெய்க் வாழ்ந்த பழைய பண்ணைக்கு நடந்தார்கள். பண்ணை என்று சொல்ல அங்கே புல் மூடிய நான்கு சுவர்த் தடங்கள்தான் இருந்தன. அதைச் சுற்றிலும் எரிமலைக் குழம்பு உறைந்து கிடந்த பாறைவெளி, அதன்மேல் மெத்தை கனத்துக்குப் பாசி. பாறையை இரண்டாகக் கிழித்துக்கொண்டு ஒரு நீளப் பிளவு பண்ணை வாசலில் தொடங்கி, சரிவில் இறங்கி, கீழே கூடாரம் போட்ட புல்வெளியின் ஓரம்வரை போனது. பெரியவர்கள் சுவர்மேல் உட்கார்ந்து கருவாட்டில் வெண்ணெய் தடவித் தின்றார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. காற்று இல்லை. பறவைச் சத்தம்கூட இல்லை என்பது உன்னுருக்குச் சற்றுப் பிறகுதான் உறைத்தது. அந்த அமைதியில், எங்கோ அடியில், பூனைக்குட்டி மாதிரி ஏதோ விட்டு விட்டு முனகிக்கொண்டிருந்தது.

அவளுடைய ஏழு வயது மகள் ஸால்கா பிளவின் விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஸால்கா! எழுந்திரு. யார்கிட்ட பேசுற?"

"உள்ள ஒரு பாப்பா இருக்கும்மா."

"ஆட்டுக்குட்டி விழுந்திருக்கும்."

"ஆட்டுக்குட்டி கேள்வி கேட்குமா? நீ எந்த நிறம்னு கேட்டுச்சு. சிவப்புன்னு சொன்னேன்."

உன்னுர் மகளின் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இழுக்கும்போதே கண் கீழே போய்விட்டது. இரண்டு ஆள் ஆழத்தில், வெயில் முடிந்து இருட்டுத் தொடங்கும் இடத்தில், சாம்பல் ரிப்பன் தெரிந்தது. தரையில் கிடக்கவில்லை. தவழும் குழந்தையின் நெஞ்சில் குத்தினால் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில் நேராக நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இருட்டுக்குள் பின்வாங்கியது. திரிந்த பால் வாடை முகத்தில் வந்து மோதியது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்று உன்னுருக்கு இருந்தது. தரதரவென்று அவளை இழுத்துக்கொண்டு புல்வெளிக்கு இறங்கினாள். அவளுடைய காருக்குப் பின்னால் மூன்று வரிசை வண்டிகள் நின்றன.

"ப்ராகி, வண்டிகளை எடுக்கச் சொல்லுடா. நான் கிளம்புறேன்."

தம்பி ப்ராகி மீன்பிடிப் படகுக்காரன். குரலும் உடம்பும் பெரிசு. கூடலில் ஒலிபெருக்கி அவன் கையில்தான். "என்னக்கா, நீயே கூட்டம் கூட்டிட்டு நீயே ஓடுற? கயிறு இழுக்கிற போட்டி முடியட்டும். சிவப்புக் கிளை ஜெயிக்கிறதைப் பார்த்துட்டுப் போ."

"அந்தப் பிளவுக்குள்ள ஏதோ இருக்கு."

"இருந்தா ஒரு ரிப்பன் குடு. உன்கிட்டதான் எக்கச்சக்கமா இருக்கே." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உன்னுருக்கு வெட்கமாகப் போயிற்று. ஒரு மணி நேரம்தானே, மகளின் கையை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

கயிறு ப்ராகியின் படகிலிருந்து வந்தது. உள்ளே எஃகுக் கம்பி ஓடும் வலைக்கயிறு. "திமிங்கலம் இழுத்தாலும் அறாது, நம்ம சித்தப்பாக்கள் எந்த மூலைக்கு?" என்று அவன் தோளில் சுமந்து வந்து போட்டான். ஆட்டுத்தொடை வெந்துகொண்டிருந்த புகைக்கு நடுவே கிளைகள் மோதின. வழக்கப்படி ஒவ்வொரு கிளையிலும் சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால், கனத்த ஆள் கடைசியில் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு. தயார் என்றால் அந்தப் பக்கத்துத் தலைவன் கயிற்றை இரண்டு முறை லேசாகச் சுண்டுவான். நீலம் தோற்றது, மஞ்சள் தோற்றது, கடைசியில் ஆரஞ்சும் மண்ணைக் கவ்வியது. சிவப்பு ஆர்ப்பரித்தது. அந்த ஆர்ப்பாட்டத்தில் ஸால்கா அம்மாவின் பிடியிலிருந்து நழுவி ஓடி, கயிற்றின் முன்முனையில் போய் நின்றுகொண்டாள்.

ப்ராகி நிகழ்ச்சிநிரலை எடுத்துப் பார்த்தான். உன்னுர் அச்சடித்த தாள். ஆறு கிளைக்கு மட்டும் ஆட்டம் போட அவளுக்கு மனசு வரவில்லை, ஏழையும் போட்டிருந்தாள்.

"இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி! சிவப்பு, சாம்பல்!"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. ஹில்டூர் அத்தை மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்தாள். "வேண்டாம்டா. கூப்பிடாதே."

அவன் அதற்குள் கயிற்றின் மறுமுனையைச் சுழற்றிப் புல்வெளி ஓரத்துப் பிளவுக்குள் வீசிவிட்டான். ஒவ்வொரு கிளையையும் கூப்பிட்டது போலவே மூன்று முறை கூப்பிட்டான். "சாம்பல் கிளை வாங்க! சாம்பல் கிளை வாங்க! சாம்பல் கிளை, கயிற்றைப் பிடிங்க!" பிறகு ஒலிபெருக்கியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து, கயிற்றின் கடைசியை இடுப்பில் சுற்றி முடிச்சிட்டுக்கொண்டான்.

கயிறு தொளதொளவென்று புல்லில் கிடந்தது. சிரிப்பு ஓய்ந்தது. பிளவுக்குள்ளிருந்து இதுவரை கேட்டுக்கொண்டிருந்த அந்த முனகல் நின்றுபோயிருப்பதை உன்னுர் கவனித்தாள்.

கயிறு மெதுவாகப் புல்லிலிருந்து எழுந்தது. நேரானது. விறைத்தது.

"பாறையில மாட்டிக்கிச்சு" என்றார் யாரோ.

அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு முறை லேசாகச் சுண்டியது.

"ஸால்கா, விடு! கயிற்றை விடு!" உன்னுர் ஓடினாள். பிள்ளை திரும்பிப் பார்த்தாள். வழுக்காமல் இருக்கட்டும் என்று கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள், முந்தின ஆட்டத்தில் பெரியவர்கள் செய்ததைப் பார்த்து.

கயிறு இழுத்தது.

இருபது பேர் ஒரே மூச்சில் முகங்குப்புற விழுந்தார்கள். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. ஒரு சித்தப்பா தன் கையைத் தூக்கிப் பார்த்தார். மூன்று விரல்கள் இல்லை. அவர் கத்தவில்லை, எண்ணிப் பார்த்தார். ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, மிதித்து, பிடியை விட்டு உருண்டார்கள். கயிற்றில் மிச்சம் இரண்டு பேர். கடைசியில் கட்டுண்ட ப்ராகி. முன்னால் ஸால்கா, வயிற்றால் புல்லைத் தேய்த்துக்கொண்டு, பிளவை நோக்கி.

"அம்மா! அம்மா!"

ப்ராகி ஒரு பாறையில் இரண்டு காலையும் ஊன்றினான். கயிறு நின்றது. அவன் இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம், காய்ந்த விறகு முறிவது போல. வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. "வெட்டுக்கா! வெட்டு!"

ஆட்டுத்தொடை அறுக்கும் கத்தி உன்னுரின் கையில் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாது. பிளவின் விளிம்பில் மகளின் பக்கத்தில் விழுந்து, கயிற்றை அறுத்தாள். நார் பிரிந்தது. நாருக்குள் கம்பி. கத்தி கம்பியில் கிறீச்சிட்டு வழுக்கியது. மறுபடி. மறுபடி. கம்பி பளபளத்தது, அவ்வளவுதான். சுற்றைக் கழற்றப் பார்த்தாள். மணிக்கட்டின் சதைக்குள் அது புதைந்துபோயிருந்தது. விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

கீழே இருட்டில் சாம்பல் ரிப்பன் நின்றது. அதன் பின்னால் கண்கள். அது சிரமப்பட்டு இழுப்பதாகவே தெரியவில்லை. கைகள் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு ஒன்றும் இல்லை. கொண்டுவந்து விட்ட அந்தப் பஞ்ச வருஷத்துப் பனியில் நரிகள் தின்றதுபோக மிஞ்சிய இரண்டு முண்டுகள். கயிறு அதன் வாயில் இருந்தது.

"முடியலை அக்கா..." பின்னால் ப்ராகியின் கால் பாறையிலிருந்து வழுக்கியது. ஸால்காவின் தலை விளிம்பைத் தாண்டித் தொங்கியது.

கத்தி அறுக்கக்கூடியது ஒன்றுதான் இருந்தது.

"கண்ணை மூடிக்கோ, தங்கம். அம்மாவைப் பார்க்காத." உன்னுர் முழங்காலை மகளின் முதுகில் அழுத்தினாள். ஒரு வெட்டு. எலும்பு. இன்னொரு வெட்டு. அந்த அலறலை அவள் தன் தொண்டையில் கேட்டாளா, மகளின் தொண்டையில் கேட்டாளா, தெரியவில்லை. மூன்றாவது வெட்டில் கயிறு சவுக்கு மாதிரி சீறிக்கொண்டு பிளவுக்குள் போயிற்று. கூடவே, அதே கயிற்றில் கட்டுண்ட தம்பியும் அவளைத் தாண்டிப் போனான், புல்லில் அகலமாக ஒரு சிவப்புத் தடத்தை விட்டுக்கொண்டு. கீழே அவன் விழுந்த சத்தம் வந்தது. பிறகு கொஞ்ச நேரம் மெல்லும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

உன்னுர் இடுப்புவாரை அவிழ்த்து மகளின் கையில் இறுக்கிக் கட்டினாள். மடியில் அள்ளிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். பிள்ளைக்கு மூச்சு இருந்தது. உயிர் இருந்தது. அது போதும், அது போதும் என்று முணுமுணுத்தாள். வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. புல்வெளியில் சொந்தங்கள் எல்லோரும் வாய் பிளந்து நின்றார்கள். அவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

அவள் திரும்பினாள்.

விளிம்பில் பாசி அசைந்தது. ஒரு சின்னக் கை மேலே வந்தது. ஸால்காவின் கை. இப்போது அது ஒரு சாம்பல் நிற முண்டில் பொருந்தியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தது, விரித்துப் பார்த்தது. அதன் பக்கத்திலேயே இன்னொரு கை வந்தது, பெரிய கை, படகுக்காரனின் காய்த்த கை.

இரண்டும் புல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை மேலே இழுக்கத் தொடங்கின.