பெடலின் இடது ஓரம்

பிரேக் பெடலின் ரப்பர் இடது ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தது. நடுவில் வரிகள் புதிதுபோல இருந்தன. வலது ஓரத்தில் அழுக்குகூட ஏறவில்லை. ஓட்டுகிறவர் மிதித்தால் இப்படித் தேயாது, பக்கத்து சீட்டில் இருப்பவர் காலை நீட்டி மிதித்தால்தான் தேயும் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதும் சிரிப்பு வந்தது. காயலான் கடையில் நசுங்கிக் கிடந்த ஒரு பெரிய காரிலிருந்து அவனே கழற்றிக்கொண்டு வந்த சாமான் அது: டிஸ்க், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், அதோடு சேர்ந்து வந்த பெடல். அந்தக் காரின் கூரை சீட்டுவரை இறங்கியிருந்தது, பிரேக்கில் மட்டும் ஒரு கீறல் இல்லை. "நல்லா பிடிக்கும் சார்," என்றார் கடைக்காரர். அவர் வேறெதுவும் சொல்லவில்லை, இவனும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவன் ஆபீசில் கோப்பு பார்க்கிறவன். மெக்கானிக் வேலையெல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றதுதான், ஆனால் யாராவது யோசனை சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். போன வாரம் அவனுடைய பழைய கார் நிற்காமல் வழுக்கி வாசல் கேட்டில் இடித்தது. கேட்டைச் சாத்திக்கொண்டிருந்த மனைவி மயிரிழையில் தப்பினாள். அன்றிலிருந்து அவள் காரில் ஏற மறுத்துவிட்டாள். அவள் பயந்ததைவிட அவள் மறுத்ததுதான் அவனுக்கு உறுத்தியது.

புது பிரேக் பொருத்தியதும் குழாய்களுக்குள் காற்று நின்றுவிடும். காற்று இருக்கும்வரை பெடல் பஞ்சுபோல அமுங்கும், கார் நிற்காது. அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்க, மற்றவர் அடியில் படுத்து சக்கரத்தருகே ஒரு சின்ன திருகைத் தளர்த்தி, காற்றையும் பிரேக் ஆயிலையும் வெளியே விட்டு, கால் எடுப்பதற்குள் இறுக்க வேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, குரல்தான்.

"செருப்போட மிதிக்கவா?" என்று கேட்டாள் மனைவி. கார் ஷெட்டை விட்டு நகராது என்று அவன் சத்தியம் செய்த பிறகுதான் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"வெறுங்காலோட மிதி. அப்பதான் பெடல் எப்படி இருக்குன்னு தெரியும். நாள் முழுக்க தையல் மெஷின் மிதிக்கிற கால்தானே, தேய்ஞ்சா போயிடும்?"

வெளியே மதிய மழை. ஷெட்டின் தகரக் கூரையில் அது ஓயாமல் பெய்துகொண்டிருக்க, காருக்கடியில் ஆயிலும் பழைய ரப்பரும் ஈர சிமெண்டும் கலந்த வாடைக்குள் அவன் மல்லாந்து கிடந்தான்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

தளர்த்தினான். திருகிலிருந்து பாட்டிலுக்குப் போகும் டியூபில் குமிழ்கள் ஓடின. இறுக்கினான்.

"விடு."

"விட்டுட்டேன்."

வேலை ஒழுங்காகப் போயிற்று. குமிழ்கள் குறைந்தன, பெடல் கல்போல நிற்கிறது என்று அவளே சொன்னாள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் இடது பக்கத்து சீட்டின் ஸ்பிரிங் முனகியது. அந்தப் பக்கத் தரைத் தகரம் டக்கென்று அவனை நோக்கி லேசாகப் புடைத்தது, உள்ளே யாரோ குதிகாலை ஊன்றியதுபோல. பல நாள் காயாத தோல் செருப்பின் நாற்றம் வந்தது.

"ஏன் அந்தப் பக்கம் போனே?"

"நான் எங்கேயும் போகலையே."

"சரி, விடு."

அவன் ஸ்பேனரால் தரைத் தகரத்தைத் தட்டினான்.

"விடுன்னு சொல்றேன்ல."

"கால் வரலைங்க." அவள் குரல் தணிந்திருந்தது. "என் கால் மேல இன்னொரு கால் இருக்கு."

அவன் திட்டிக்கொண்டே வெளியே ஊர்ந்து வந்து கதவைத் திறந்தான். அவள் பாதம் பெடலில் தட்டையாக ஒட்டியிருந்தது, விரல்கள் வெளுத்து விரிந்திருந்தன. மேலே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பக்கத்து சீட்டின் மெத்தை அமுங்கியிருந்தது. அவன் கையை நீட்டினான். காற்றில் எதுவோ விரலில் இடித்தது. ஒரு செருப்பின் விளிம்பு. சில்லென்று ஈரமாக. கையை இழுத்துக்கொண்டான்.

"இழுக்காதீங்க. அப்படியே மிதிச்சுட்டு நிக்குது, அவ்வளவுதான். பொறுத்துக்கிறேன். போய் யாரையாவது கூட்டிட்டு வாங்க."

யாரையாவது. வருகிறவன் இவன் வேலையைப் பார்ப்பான், குறை சொல்வான். இவனுக்குத்தான் வழி தெரியுமே. திருகைத் தளர்த்தினால் பெடல் கீழே போகும், கால் உருவிக்கொண்டு வந்துவிடும்.

"வேண்டாங்க. இப்ப கெட்டியா நிக்குது. அதை ஒண்ணும் பண்ணாதீங்க."

"எனக்குத் தெரியும்," என்றான்.

அடியில் புகுந்தான். திருகை முழுசாகத் திறந்தான். ஆயில் பீறிட்டது. பெடல் தரைவரை போயிற்று.

ஒரு கணம் எல்லாம் நின்றது.

பெடல் பிடிக்காமல் கீழே போனால் எந்த மனிதனும் என்ன செய்வான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பிரேக் போய்விட்டது என்று நினைப்பான். மறுபடி மிதிப்பான். இன்னும் பலமாக.

மிதித்தது.

எழும்பியது. மிதித்தது. குதித்துக் குதித்து மிதித்தது. நடுவில் அவள் கால்.

அவன் திருகை இறுக்கினான். பயனில்லை. குழாய் முழுக்கக் காற்று. பெடல் பஞ்சு. கெட்டியாக்க ஆயில் வேண்டும், டப்பாவில் சொட்டு இல்லை. "விடு," என்று கத்தினான். "கார் நிக்குது. நின்னுட்டுதான் இருக்கு. விடு."

நகராத காரை அந்தக் கால் நிறுத்தப் பார்த்தது. ஒவ்வொரு மிதிக்கும் தகரம் அவன் முகத்தருகே புடைத்தது. முதலில் எலும்பு இரும்பில் படும் சத்தம். பிறகு ஈரத்துணியை அடித்துத் துவைக்கும் சத்தம். அவள் குரல் எப்போது நின்றது என்று அவன் கவனிக்கவில்லை.

தரைத் தகரத்தின் போல்ட் ஓட்டை வழியாக அவன் கன்னத்தில் சூடாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஆயில் எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது.